ஆம், இன்னும் இல்லை

பியூலாவின் போன் டி.வி.க்குப் பக்கத்துப் பிளக்கில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. அவள் உள்ளே படுத்திருக்கிறாள். நான் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்து அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாலு மணிக்கு அதிலுள்ள செயலி பேசும், கர்ப்பிணிகளுக்காக எங்கள் ஆபீஸில் செய்தது. சனிக்கிழமை நாலு மணி என்று வைத்ததும் நாங்கள்தான். மதியப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் அந்த நேரம்தான் கொஞ்சம் உட்கார முடியும் என்று அதைச் சோதித்துப் பார்த்த பெரும்பாக்கத்துப் பெண்கள் சொன்னார்கள், நான் தலையாட்டினேன். என்ன பேசும் என்பதும் எனக்குத் தெரியும், அந்த வாக்கியத்தை எழுதியவனே நான்தான். வணக்கம்மா, உங்க பிரசவத் தேதி வந்தாச்சு, குழந்தை பிறந்துடுச்சா? அப்புறம் திரையில் இரண்டு பெரிய பொத்தான்கள், ஈரக் கையோடு அமுக்கினாலும் தப்பாமல் விழுகிற அளவுக்குப் பெரியவை, ஒன்றில் ஆம், இன்னொன்றில் இன்னும் இல்லை. எதையாவது அமுக்கும்வரை தினமும் அதே நேரத்துக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். பிரசவம் ஆன தகவலைப் பெண்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள், அதனால் விடாமல் கேட்கவேண்டும் என்று ஒரு கூட்டத்தில் முடிவானது. மூன்றாவது பொத்தான் கிடையாது. அதைத்தான் திங்கட்கிழமைக்குள் செய்து கொடுக்கவேண்டும். கட்டம் வரைந்துவிட்டேன், சாம்பல் நிறத்தில், ஓரங்கள் மழுங்கலாக. உள்ளே ஒரு எழுத்தும் இல்லை.

குழந்தை தவறிவிட்டது. எழுதி அழித்தாயிற்று. தவறிவிட்டது என்றால் யார் கையிலிருந்து தவறியது, அப்படித்தான் ஒருத்தி படிப்பாள், படித்துவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொள்வாள். கரு கலைந்துவிட்டது. ஏழாவது மாதத்தில் அதைக் கரு என்று சொல்ல யாருக்கு வாய் வரும். இழப்பு ஏற்பட்டது, இது இன்சூரன்ஸ் ஆபீஸில் பேசுகிற பேச்சு. தங்கவில்லை. இதை மட்டும் அழிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், ஏனென்றால் பெண்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், மொதல்ல ஒண்ணு தங்கல சார் என்று, ஏதோ வீட்டுக்கு வந்த ஆள் ராத்திரி சாப்பாட்டுக்கு இருக்காமல் கிளம்பிப் போனதுபோல. ஆனால் இன்னும் இல்லை என்பதற்குக் கீழே தங்கவில்லை என்று வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி முடிகிறது, அவசரத்தில் படிக்கிறவள் தடுமாறுவாள். அதையும் அழித்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு படமும் வேண்டும். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு படம், ஒரு குரல், ஒரு நிறம், எங்கள் வேலையின் அரிச்சுவடி அது. நிவேதிதா, எனக்கு மேலே இருப்பவள், நல்லவள், ஒரு மேகமும் ஒரு துளியும் போட்டால் போதும் எபி, ரொம்ப சோகமா வேண்டாம் என்று சொன்னாள். மேகத்தையும் துளியையும் போட்டுப் பார்த்தேன். மழை எச்சரிக்கை மாதிரி இருந்தது.

படம் என்பது லேசான விஷயம் இல்லை, அதை முதலில் கற்றுக்கொண்டது தொட்டிலில். செயலி திறக்கிற வரைக்கும் காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு சின்னத் தொட்டில் ஆடுகிற மாதிரி செய்திருந்தோம், பார்க்க அவ்வளவு அழகு, ஆபீஸில் எல்லோரும் பாராட்டினார்கள். பெரும்பாக்கத்தில் போனைக் கையில் வாங்கின முதல் பெண் அதைப் பார்த்ததும் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டாள். வெறுந்தொட்டில் ஆடுது தம்பி, ஆடக் கூடாது என்றாள். அன்றைக்கே எடுத்துவிட்டு வளையல் வைத்தோம். பழங்களையும் மாற்றினோம். எங்கிருந்தோ எடுத்த பட்டியலில் வாரத்துக்கு ஒரு பழம், பாப்பா இந்த அளவு வளர்ந்திருக்கிறது என்று சொல்வதற்கு, அதில் பாதி யாரும் கண்ணால் பார்த்திராத பழம். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா, கத்தரிக்காய் என்று நானே உட்கார்ந்து அளந்து அளந்து மாற்றினேன். சிவப்பு ஆபத்து, பச்சை நல்லது என்று வைத்தால் பூ, குங்குமம், முகூர்த்தப் புடவை எல்லாம் சிவப்புதானே என்று சிரித்தார்கள். பாதிப் பேருக்குச் சொந்தப் போன் இல்லை, புருஷன் போன்தான், அவர் டீக்கடையில் நிற்கும்போது உங்க மார்பில் வலி இருக்கிறதா அம்மா என்று அது சத்தமாகக் கேட்டுவைத்தால் என்ன ஆகும், அதற்கு ஒரு வழி செய்தோம். காது கேளாத ஒரு பெண், ஒரு கண் மங்கலான பெண், ஒடியாவும் கொஞ்சம் தமிழும் பேசுகிற ஒரு சித்தாள், எல்லோருக்கும் யோசித்தோம். யாரையும் விட்டுவிடக் கூடாது என்று சுவரில் ஒட்டிக்கூட வைத்திருந்தோம்.

அம்சவேணி என்று ஒருத்தி. மெலிந்த உடம்பு, வயிறு மட்டும் தனியாகத் தெரியும். எத்தனையாவது குழந்தை என்ற கேள்வியில் நின்றுவிட்டாள். விரல் திரைக்கு மேலே நிற்கிறது, இறங்கவில்லை. பொத்தான் புரியலையோ என்று நான் குனிந்தேன். போனதையும் சேர்க்கணுமா சார் என்று கேட்டாள். பக்கத்தில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா சிஸ்டர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார், எத்தனாவது கர்ப்பம்னா சேர்க்கணும், எத்தனை பிள்ளைன்னா சேர்க்கக் கூடாது. அம்சவேணி சரி என்று தலையாட்டினாள். நான் அந்தத் திரைக்கு எதிரே கேள்வி குழப்புகிறது என்று ஒரு குறிப்புப் போட்டேன், அடுத்த வாரம் அதை இரண்டு கேள்வியாகப் பிரித்துவிட்டோம், அதன்பிறகு யாரும் நிற்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பியூலாவிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம், மசக்கையில் சோற்று வாடையே ஆகாது, சோபாவில் சுருண்டு படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், நீங்க அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா என்றாள். சிஸ்டர்தான் சொல்லிட்டாங்களே என்றேன். அது இல்ல என்றாள். பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. இப்போது எனக்கு எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால், போன மாதம் வங்கியில் கேட்டார்கள், ஏதோ படிவத்துக்கு, நான் இல்லை என்று சொன்னேன், அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சுழியம் போட்டார்.

உள்ளே கட்டில் சத்தம். புரண்டு படுக்கிறாள். தூங்குகிறாளா என்று சொல்லமுடியாது, இந்த இரண்டு மாதமாக அவள் தூங்குவதற்கும் கண்ணை மூடியிருப்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. மின்விசிறி சுற்றுகிறது. மாடி வீட்டில் யாரோ அம்மியோ கிரைண்டரோ நகர்த்துகிறார்கள். அவள்தான் எங்கள் செயலியின் முதல் ஆள், வெளியே யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால் அவள் போனில்தான் போட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எதிலும் தப்புக் கண்டுபிடிக்கிறவள். பொத்தானில் எழுத்து ஓரத்தில் முட்டுது, செயலியில குரல் குடுக்கிற இந்த அக்கா மூச்சு விடாமப் பேசுது என்று வரிசையாகச் சொல்வாள். ஆனால் சனிக்கிழமை நாலு மணி ஆனால் போனை மேஜை நடுவில் வைத்துவிட்டு என்னையும் கூப்பிட்டு உட்காரவைப்பாள். எலுமிச்சை என்று அக்கா சொன்னால் பிரிட்ஜைத் திறந்து ஒன்றை எடுத்து வயிற்றில் வைத்துக் காட்டுவாள். கொய்யா வந்த வாரம் கொய்யாவைச் சாப்பிடாமல் அலமாரியில் வைத்திருந்தாள், வீடு முழுக்க வாசனை. எழுதினது நான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் அந்தக் குரலில் கேட்கும்போது புதிதாய்க் கேட்கிற மாதிரி என் முகத்தைப் பார்ப்பாள். பாப்பாவுக்கு இப்ப உங்க குரல் கேக்கும், பேசுங்க என்று ஒரு வாரம் வரும். அன்றைக்கு என்னைப் பேசச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வயிற்றில் நெற்றி படக் குனிந்து, சாப்பிட்டியா என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் என் நெற்றி குலுங்கியது.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. இன்னிக்குத் தூங்குது போல என்றாள். அசைவை எண்ணுகிற திரை ஒன்று உண்டு, அதைத் திறந்து விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாப்பா தூங்கும் நேரமும் உண்டு, கொஞ்சம் சாப்பிட்டு, இடதுபக்கம் படுத்து எண்ணிப் பாருங்கள், அப்போதும் அசைவு குறைவாக இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட வாக்கியம், நான் தமிழில் வைத்தேன். அவள் சாப்பிட்டாள், படுத்தாள், எண்ணினாள், எண்ணுவதற்கு ஒன்றும் வரவில்லை, ஆட்டோ பிடித்துப் போனோம். அந்த வாக்கியத்தை எத்தனை தடவை மனசுக்குள் திருப்பிப் போட்டிருக்கிறேன், சாப்பிட்டு என்பதை எடுத்துவிட்டால், படுத்து என்பதை எடுத்துவிட்டால், உடனே என்பதை முன்னால் கொண்டுவந்துவிட்டால். டாக்டரம்மாவிடம் கேட்டேன். தொப்புள்கொடியில முடிச்சு விழுந்திருக்கு, காலையில நீங்க எழுந்திருக்கும்போதே முடிஞ்சுபோயிருக்கும், யாரும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது என்றார். நம்பினேன். நம்பிக்கொண்டே இருக்கிறேன். நம்பிக்கொண்டிருக்கும்போதே உடனே என்ற சொல் வந்து நிற்கிறது, அதைத் தூக்கி முன்னால் வைக்கிறேன்.

வலி வரவைத்துத்தான் எடுத்தார்கள், மறுநாள் சாயங்காலம். என்னை உள்ளே கூப்பிட்ட நர்ஸ் ரொம்பச் சின்னப் பெண். வெள்ளைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பொம்பளப் பிள்ள சார் என்றாள், கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். பியூலா மருந்து மயக்கத்தில் இருந்தாள். அவளுடைய அம்மா நாசரேத்திலிருந்து ரயிலில் வந்து அப்போதுதான் சேர்ந்திருந்தார். மாப்ளே, அவளுக்குக் காட்ட வேண்டாம், பாத்துட்டா மறக்கவே மாட்டா, புள்ள தேறாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சரி என்றேன். எல்லோரும் சொல்வது போலத்தான் அவரும் சொன்னார், அன்பினால்தான் சொன்னார். நானும் பியூலாவின் தம்பி ஜோஷ்வாவும் சபைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். திரும்பி வந்தபோது அவள் விழித்திருந்தாள். முடிஞ்சுதா என்றாள். முடிஞ்சுது என்றேன். அவ்வளவுதான். வந்து பார்த்தவர்கள் ஆண்டவர் வேறே தருவார் என்றார்கள். அத்தை சின்னச் சட்டைகளையெல்லாம் ஒரு பையில் திணித்து நாசரேத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அலமாரியின் அந்தத் தட்டில் இப்போது பெட்ஷீட் இருக்கிறது.

ஒன்றை மட்டும் யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் கைப்பைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது, வணக்கம்மா, இந்த வாரம் பாப்பா. நான் ஓடிப்போவதற்குள் அவள் அணைத்துவிட்டாள். அழித்திருப்பாள் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் போனோடு பாத்ரூமுக்குப் போனாள், குழாயைத் திறந்துவிட்டாள், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் அந்தக் குரல் கேட்டது. பாப்பா கண்ணைத் திறந்து மூடும். அதற்கடுத்த வாரம், பாப்பாவுக்குக் கன்னம் உப்பும். அதற்கடுத்த வாரம், பாப்பா தலை கீழ்நோக்கித் திரும்பும். நான் கதவுக்கு வெளியே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், துடைப்பம் எதற்கு என்று இப்போதும் தெரியவில்லை. நான் எழுதின வாக்கியங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய் என் பெண்டாட்டியிடம் இல்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஆபீஸில் முருகவேலிடம் ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஒரு நம்பரை மட்டும் நிறுத்தியிருப்பான், ஏன் என்று கேட்டிருக்கக்கூட மாட்டான். சொல்லவில்லை. குழாயை மூடிவிட்டு வரும்போது அவள் முகம் கழுவியிருக்கும், கொஞ்சம் தெளிந்திருக்கும், அன்றைக்கு மட்டும் ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிடுவாள். அதைப் பார்த்துவிட்டு எப்படி நிறுத்துவது. ஆனால் இன்றைக்கு வரப்போவது கன்னம் உப்புகிற சேதி இல்லை, கேள்வி. பாத்ரூமுக்குள் தனியாக நின்றுகொண்டு அவள் எதை அமுக்குவாள். ஆம் அமுக்கினால் பாப்பாவுக்கு என்ன பேர் வச்சிருக்கீங்க என்று அடுத்த திரை வரும், பூக்கள் கொட்டும், அந்தப் பூக்களை நான்தான் வரைந்தேன். இன்னும் இல்லை அமுக்கினால் கவலைப்படாதீங்க, சீக்கிரம் வந்துடும் என்று சொல்லும்.

எழுந்துவிட்டேன். போனைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டேன். சார்ஜ் ஏறி லேசாகச் சூடாக இருக்கிறது. கல்யாணத் தேதிதான் பூட்டு எண், திறந்துகொள்கிறது. வளையல் படம் போட்ட அந்தச் சதுரத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பிடித்தால் அது நடுங்குகிறது. நீக்கவா என்று கேட்கிறது. நீக்கு, வேண்டாம். நீக்கிவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும், நான் கதவுக்கு வெளியே நின்றதெல்லாம் தெரிந்துவிடும். நீக்காவிட்டால் அது கேட்கும், நாளைக்கும் கேட்கும், நாளை மறுநாளும். கட்டைவிரல் வியர்த்திருக்கிறது. அப்போது பின்னால் நிழல் தட்டியது. பியூலா அறை வாசலில் நிற்கிறாள், கொண்டை அவிழ்ந்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி.

"அத எடுத்துராதீங்க" என்றாள்.

கோபம் இல்லை அந்தக் குரலில். நான் போனைக் கீழே இறக்கினேன்.

"இன்னிக்கு வேற மாதிரி வரும், பியூலா. நீ கேக்க வேண்டாம்."

"தெரியும். தேதி எனக்குத் தெரியாதா?"

அவள் பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜை நடுவில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது பேசியது. வணக்கம்மா என்று ஆரம்பித்துக் கேட்கவேண்டியதைக் கேட்டு நின்றது. இரண்டு பொத்தான்களும் பளிச்சென்று தெரிந்தன, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும் என்று செய்தவை.

"இதுல நான் எதை அமுக்க?"

"எதையும் அமுக்காத. மூணாவதா ஒண்ணு செஞ்சுகிட்டிருக்கேன்."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"இன்னும் ஒண்ணும் எழுதல."

அவள் என் லேப்டாப் பக்கம் எட்டிப் பார்த்தாள், அந்தச் சாம்பல் கட்டத்தை. போன் திரை மங்கி, பிறகு இருட்டாகிவிட்டது. மேஜைத் துணியில் சிந்திக் காய்ந்திருந்த ரசத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினாள்.

"நான் பாத்ரூம்ல கேக்கது உங்களுக்குத் தெரியும், என்ன?"

"தெரியும்."

"ஒரு நாளாவது ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டா நீ அழுவியோன்னு இருந்துட்டேன்."

"அழுதா என்ன? பொய்ன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். எனக்கென்ன புத்தியா பிசகிப்போச்சு. இந்த வீட்டுல அவளப் பத்திப் பேசினது அது ஒண்ணுதான். அம்மா பேசல, ஜோஷ்வா பேசல. நீங்க அவ இருந்த மாதிரியே காட்டிக்கிடல. அது மட்டும்தான் வாராவாரம் பாப்பா பாப்பான்னு சொல்லிச்சு."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், அத்தை சொன்னது, நர்ஸ் சொன்னது, எல்லாம் ஒன்றாக வந்தது. உங்க அம்மாதான் என்று ஆரம்பித்தேன்.

"அம்மாவ விடுங்க. நீங்க அவளப் பாத்தீங்கல்லா. எனக்கு யாரும் காட்டல. எப்படி இருந்தா?"

ஜன்னல் பக்கம் பார்த்தேன். காயப் போட்ட துணி அசைகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது. ஆயிரம் திரைக்கு எழுதியிருக்கிறேன், எது முதலில், எது பிறகு என்று அடுக்கத் தெரிந்தவன்.

"முடி இருந்துச்சு" என்றேன். "நெறைய இருந்துச்சு. நெத்தியில ஒட்டியிருந்துச்சு."

"ம்."

"காது ஒண்ணு மடங்கி இருந்துச்சு. வலது காது. நான் நிமித்தி விட்டேன், திரும்பவும் மடங்கிக்கிட்டுது."

"எனக்கும் பொறக்கும்போது அப்படித்தான் இருந்துச்சாம்" என்றாள். அழவில்லை, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாள். "மூக்கு?"

"உன் மூக்கு. வாய் எங்க அம்மாவோடது. நகம் வளந்திருந்துச்சு, சின்னச் சின்னதா."

"எவ்வளவு இருந்தா?"

கையை விரித்துக் காட்டினேன், மேஜைக்கு மேலே, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அந்த அளவை விட்டு. கை தானாக அந்த இடத்தில் போய் நின்றது. அவள் அந்த இடைவெளியை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கையையும் என் கைகளுக்கு அடியில் கொண்டுவந்து, உள்ளங்கை மேல்பக்கம் பார்த்த மாதிரி வைத்துக்கொண்டாள். நான் கையை இறக்கவில்லை.

"கனமா இருந்தாளா?"

"நெனச்சதவிடக் கனம்."

மாடியில் நகர்த்துகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது. தெருவில் தண்ணீர் வந்துவிட்டது போல, குடங்கள் இடிபடும் சத்தம்.

"அங்க யாராவது ஜெபம் பண்ணினாங்களா?"

"போதகர் வந்திருந்தாரு. பேரு என்னன்னு கேட்டாரு. ஜோஷ்வா என்னயப் பாத்தான்."

"சொன்னீங்களா?"

"நீ வைக்கணும்னு சொல்லிருந்த பேரத்தான் சொன்னேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"ஜெமிமா" என்றேன்.

அவள் தலையைக் குனிந்து என் தோளில் முட்டினாள். சட்டை நனைவது தெரிந்தது. மூச்சு திணறித் திணறி வந்தது, கொஞ்சம் அடங்கியது, திரும்பவும் வந்தது. நான் அசையாமல் இருந்தேன். பிறகு தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள்:

"இன்னொரு தடவ சொல்லுங்க."